மகனை ஊரில் விட்டுவிட்டு வரலாமா? பிலிப்பைன்ஸ் குடும்பங்களைப் பார்த்துக் கேட்டவருக்கு

கேள்வி இதுதான்: "நானும் மனைவியும் தோஹாவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறோம். நாலு வயது மகனை ஊரில் என் அம்மாவிடம் விடலாமா என்று யோசிக்கிறோம். எங்களோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் பலர் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் படித்து ஆளாகிவிடுகிறார்கள், குடும்பப் பாசமும் பக்தியும் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்களால் எப்படி முடிகிறது?"

என் ஊர் தூத்துக்குடி. மனைவியின் ஊர் பிலிப்பைன்ஸில் லகுனா மாகாணம், சான் பாப்லோ. ஏழு ஏரிகளும் தென்னந்தோப்புகளுமாக இருக்கும் ஊர். இருவரும் துபாயில் சந்தித்தோம், இங்கேயே இருக்கிறோம், மகளுக்குப் பத்து வயது. என் மாமியார் 1991 முதல் 2005 வரை ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்த்தவர். அவர் கிளம்பும்போது என் மனைவிக்கு ஏழு வயது. விட்டுப்போன அம்மா, விடப்பட்ட பிள்ளை, இரண்டு பேரும் எங்கள் குடும்பத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் கேள்வியை இருவரிடமும் படித்துக் காட்டினேன். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அவர்கள் சொன்னது.

முதலில் நேரடியான பதில். அவர்களால் முடிவதற்குக் காரணம் பிரிவு அவர்களுக்குப் பழகிப்போனது என்பதல்ல. ஒரு பிள்ளையைப் படிக்கவைப்பதை முழுக் குடும்பமும் தன் வேலையாக எடுத்துக்கொள்கிறது. தூரத்தில் இருக்கும் அம்மா தினமும் பிள்ளையின் காதில் விழும்படி ஏதோ ஒரு வழி செய்துகொள்கிறாள். அப்படியும் இழப்பு இருக்கிறது. என் மனைவி அந்த வளர்ப்பில் நன்றாகப் படித்து நர்ஸ் ஆனவள். தன் மகளை ஊரில் விடுவதில்லை என்று முடிவெடுத்தவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

அந்த நாட்டில் வெளிநாட்டு வேலை என்பது ஏதோ சில குடும்பங்களின் கதை இல்லை. 1974இல் வந்த தொழிலாளர் சட்டத்தோடு அரசே ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. 2023 கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலைக்காக வெளியே இருந்தவர்கள் ஏறத்தாழ 21.6 லட்சம் பேர். குடியேறி அங்கேயே தங்கிவிட்டவர்கள் இதில் சேரமாட்டார்கள். அந்த ஒரு வருஷம் வங்கி வழியாக ஊருக்கு வந்த பணம் 3,349 கோடி டாலர். 1988இல் அதிபர் கொரசோன் அகினோ ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பார்த்து நீங்கள்தான் புதிய வீரர்கள் என்று பேசியதிலிருந்து அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது. மாமியாருக்கு அந்தச் சொல் பிடிக்காது. "வீரர் என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு அழுகை வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள்" என்பார்.

அவர் ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைக் கல்லூரி வரை கொண்டுபோக முடியாது என்று கணக்குப் பார்த்துத்தான் கிளம்பினார். ஹாங்காங்கில் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களில் இப்படி டீச்சர் வேலையை விட்டு வந்த பெண்கள் நிறைய. முதலாளி வீட்டுக் குழந்தைக்கு ஏ, பி, சி என்று எழுத்துக் கற்றுக்கொடுத்து, மடியில் வைத்துக் கதை படித்துக் காட்டினார். அந்த நேரத்தில் அவருடைய சொந்த மகள் சான் பாப்லோவில் இரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். கிளம்பும்போதே பெட்டியில் மெல்லிய படக்கதைப் புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொண்டு போனார். 1980இல் ஆரம்பித்த அடார்னா ஹவுஸ் என்ற பதிப்பகம், அவர்கள் வீட்டு மொழியான தகாலோகில் குழந்தைகளுக்காகப் போட்டுவந்த புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் இன்னொரு பிரதி வாங்கி வீட்டில் வைத்துவிட்டார். அங்கே போய், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில், அறுபது நிமிஷ கேசட்டில் அந்தக் கதைகளைப் படித்துப் பதிவு செய்வார். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு. கேசட்டின் மறுபக்கத்தில் ஜெபமாலை, அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி இரண்டு வார்த்தை. ஊருக்குத் திரும்பும் யாராவது ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்புவார். ஒரு நிமிஷப் போன் பேச்சுக்கே யோசிக்க வேண்டிய காலம். எழுபது, எண்பதுகளிலிருந்தே வளைகுடாவுக்கும் ஹாங்காங்குக்கும் போனவர்கள் இப்படிக் குரலைக் கேசட்டில் அனுப்புவது வழக்கமாக இருந்தது. கதை படித்து அனுப்பியது மட்டும் மாமியாரின் யோசனை.

ஹாங்காங்கில் ஞாயிறுகளில் சென்ட்ரல் பகுதியில் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடி, அட்டையை விரித்து உட்கார்ந்து, சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். இன்றும் அப்படித்தான். அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துதான் மாமியார் பதிவு செய்தார். கேசட்டில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பெண்கள் தகாலோகில் பேசும் சத்தம் வரும். ஹாங்காங் என்பது எல்லாரும் தகாலோக் பேசுகிற ஒரு பெரிய சந்தை என்றுதான் என் மனைவி ரொம்ப நாள் நினைத்திருந்தாளாம். அந்தப் புத்தகங்களை ஸ்பூன் சத்தத்துக்குப் பக்கம் திருப்பித் திருப்பித்தான் அவள் சரளமாகப் படிக்கப் பழகினாள். தம்பிக்கும் தங்கைக்கும் அவளே பக்கம் திருப்பிக் காட்டினாள்.

சரி, படிப்புக்கு வருவோம். தகாலோகில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. "பினாக்-ஆரால் அகோ நி ஆத்தே" என்றால் "அக்கா என்னைப் படிக்கவைத்தாள்." நாம் சொல்வது மாதிரியேதான். படிப்பவர் ஒருவர், படிக்கவைப்பவர் இன்னொருவர். பெரும்பாலும் அந்த இன்னொருவர் மூத்த பிள்ளை. ஆத்தே என்றால் அக்கா, கூயா என்றால் அண்ணன். மூத்தது படித்து முடித்ததும் வேலைக்குப் போய் அடுத்ததைப் படிக்கவைக்கும், அது அதற்கு அடுத்ததை. என் மனைவி நர்சிங் முடித்தது 2005இல். மாமியார் ஊர் திரும்பியதும் அந்த வருஷம்தான். அம்மா இறக்கிவைத்த சுமையை மகள் எடுத்துக்கொண்டாள் என்று அதற்குப் பொருள். தம்பியை மரைன் இன்ஜினியரிங்கும் தங்கையைக் கணக்கியலும் படிக்கவைத்தது இவள் சம்பளம். எனக்குத் திருமணமான முதல் மூன்று வருஷம் மாதம் பிறந்தால் முதல் செலவு மைத்துனியின் கல்லூரிக் கட்டணமாகத்தான் இருந்தது. 2017இல் வந்த சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணத்தை எடுத்துவிட்டது. இப்போது சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. அந்த நாட்டின் தேசத் தலைவர் ஹோசே ரிசால், சான் பாப்லோவுக்குப் பக்கத்தில் உள்ள கலம்பாவில் பிறந்தவர். 1882இல் அவர் படிப்புக்காக ஸ்பெயினுக்குக் கப்பலேறியது பெற்றோருக்கே தெரியாது. அண்ணன் பாசியானோவுக்குத் தெரியும். பணம் அனுப்பியது அண்ணன்தான். கலம்பாவில் குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கரும்பு விற்ற காசில் தம்பியை மாட்ரிட்டில் மருத்துவம் படிக்கவைத்தார். ரிசாலின் பெயர் தெரியாத பிள்ளை அந்த நாட்டில் கிடையாது. 1956 சட்டப்படி அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் பள்ளி, கல்லூரிகளில் படித்தே ஆக வேண்டும். என் மனைவிக்கு மட்டும் ரிசாலைவிட பாசியானோவைத்தான் அதிகம் பிடிக்கும். மூத்த பிள்ளைகளின் மனசு அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இப்படிப் படிக்கவைத்தவருக்குப் பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறது. அதற்கு "ஊத்தாங் நா லோஓப்" என்று பெயர். லோஓப் என்றால் உள், அகம். உள்ளத்தில் இருக்கும் கடன். நம் செஞ்சோற்றுக்கடன்தான், ஆனால் இதைத் திருப்பி அடைத்து முடிக்கவே முடியாது. இதன் நல்ல பக்கம், படிக்கும் பிள்ளைக்கு அது தன் ஒருவனுடைய படிப்பு என்ற நினைப்பு வராது. கெட்ட பக்கமும் உண்டு. மூத்த பெண்கள் முப்பது முப்பத்தைந்து வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். தனக்குப் பிடித்த படிப்பைச் சொல்ல வாயே வராது. வெளிநாட்டு வேலை கிடைக்கும் படிப்பு எதுவோ அதுதான். என் மனைவிக்கு வரலாறு படிக்க ஆசை. நர்சிங் படித்தாள். வருத்தமில்லை என்பாள், ஆனால் எங்கள் வீட்டு அலமாரியில் முக்கால்வாசி வரலாற்றுப் புத்தகங்கள்.

இழப்பு என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங் ஒப்பந்தம் இரண்டு வருஷம். முதல் ஒப்பந்தம் முடிந்து மாமியார் ஊருக்கு வந்தபோது கடைக்குட்டிக்கு மூன்றரை வயது. அவர் கிளம்பும்போது அது ஒன்றரை வயதுக் குழந்தை. வாசலில் நின்ற அம்மாவை "தீத்தா" என்று கூப்பிட்டது. அத்தை, சித்தி என்று வேற்றுப் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். ஒரு மாதம் அவரோடு தூங்க மறுத்துவிட்டது. கேசட்டில் பேசும் அம்மா ஒருத்தி, வீட்டுக்கு வந்திருக்கும் தீத்தா இன்னொருத்தி என்று அது நினைத்திருந்தது. குரல் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. மாமியார் இதைச் சொல்லும்போது இன்றும் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கேசட் போதுமானதாக இருந்தது, ஒன்றரை வயதுக்குப் போதவில்லை என்பது அவர் அனுபவம். உங்கள் மகனுக்கு நாலு வயது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பாட்டி மட்டும் பார்த்துக்கொள்கிறாள் என்று நீங்கள் நினைப்பதும் முழுசாகச் சரியில்லை. லோலா, அதாவது பாட்டி, சோறு போட்டுத் தூங்கவைப்பாள். பள்ளியில் கையெழுத்துப் போட்டது பக்கத்துத் தெரு ஞானத்தாய். ஞானஸ்நானத்தின்போது நிற்கும் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் நம் கடற்கரை ஊர்களிலும் உண்டு. அங்கே அது இன்னும் கனமான உறவு. நீனாங், நீனோங் என்பார்கள். பீஸ் கட்டப் பணம் வர இரண்டு வாரம் தாமதமானால் அவர்கள் கட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிவருவது மாமா. ஒரு பாட்டியின் தலையில் எல்லாவற்றையும் வைத்த வீடுகள்தான் தடுமாறியிருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு என்ன வயது, முழங்கால் எப்படி இருக்கிறது, கூட யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் யோசியுங்கள்.

பக்தி விஷயத்துக்கு வருகிறேன். 2020 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் நூற்றுக்கு 79 பேர் கத்தோலிக்கர்கள். நான் சொல்வது அவர்களைப் பற்றி. அவர்களுடைய பக்தி பெரும்பாலும் உடம்பால் செய்யும் பக்தி. பெரியவரைப் பார்த்தால் "மானோ போ" என்று கையை வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். என் மகள் வீடியோ காலில் பாட்டி கையை நீட்டினால் போனை நெற்றியில் ஒற்றிக்கொள்வாள். கிறிஸ்துமஸுக்கு முன் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலி, "சிம்பாங் கபி". மூன்று, நாலு மணிக்கு எழுந்து போவார்கள். கோயில் வாசலில் பிபிங்கா என்ற அரிசிமாவு அப்பம் சுடச்சுடக் கிடைக்கும். ஒன்பது நாளும் விடாமல் போனால் வேண்டுதல் நிறைவேறும் என்று நம்பிக்கை. வளைகுடாவில் அதை ராத்திரியில் வைக்கிறார்கள், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக. துபாய் செயின்ட் மேரிஸ் கோயிலில் நின்று பாருங்கள், வளாகம் முழுக்கச் சீருடையோடு வந்த ஆட்கள். சூப்பர் மார்க்கெட், சலூன், ஆஸ்பத்திரி என்று வேலை முடிந்து அப்படியே வந்தவர்கள். அதே கோயிலில் தமிழிலும் திருப்பலி உண்டு. நாங்கள் ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் தகாலோக்.

மகள் ஆறு வயதில் ஒரு கேள்வி கேட்டாள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் தகாலோகில் "அமா நமின்" என்று தொடங்கும், எங்கள் தந்தையே. தகாலோகில் நம்மைப் போலவே "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. நமின் என்றால் "எங்கள்", நாத்தின் என்றால் "நம்". தமிழிலும் "எங்கள் தந்தையே" என்றுதான் ஜெபிக்கிறோம். இங்கிலீஷில் ஒரே சொல். "ஏன் நம் தந்தையே என்று சொல்வதில்லை?" என்று கேட்டாள். அவரிடமே பேசும்போது அவரையும் சேர்த்து "நம்" என்று சொல்ல முடியாதல்லவா, என்று அவள் அம்மா சொன்னாள். குழந்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் அவர் எதிரில் இருக்கிறார்" என்றது. இங்கிலீஷில் மட்டும் ஜெபிக்கக் கற்றிருந்தால் இந்தக் கேள்வியே அவளுக்கு வந்திருக்காது. ஜெபமும் கதையும் வீட்டு மொழியில்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பக்தியும் வாசிப்பும் அங்கே எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் அச்சான முதல் நூல்களில் ஒன்று, 1593இல் மணிலாவில் வந்த தகாலோக் ஜெபப் புத்தகம். ஸ்பானிய எழுத்திலும், அவர்களுடைய பழைய பைபாயின் எழுத்திலும் சேர்த்து அச்சிட்டார்கள். அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால், 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் எங்கள் முத்துக்குளித்துறை மக்களுக்காகத் தமிழில் தந்தது. இரண்டும் கிறிஸ்தவ ஞானோபதேசம். எங்கள் இரண்டு ஊர்களிலும் அச்செழுத்து முதலில் வந்தது ஜெபமாகத்தான்.

அப்புறம் "பபாசா". பாசா என்றால் வாசிப்பு. மலாய் வழியாக அங்கே போன சமஸ்கிருதச் சொல். நம் "வாசி"யும் அதே வேர். ஆசிரியருக்கு "குரோ" என்பார்கள், அது நம் குரு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் இயேசுவின் பாடுகளைச் செய்யுளாகச் சொல்லும் பாசியோன் நூலை வீட்டிலோ தெருவோரக் கொட்டகையிலோ வைத்து, ஆள் மாற்றி ஆள், ராத்திரி பகல் நிறுத்தாமல் ராகத்தோடு வாசிப்பார்கள். எட்டெட்டு அசையாக ஐந்தைந்து வரிகள். கஸ்பார் அகினோ தே பெலேன் என்பவர் எழுதிய பாசியோன் 1704இல் அச்சானது. இப்போது பரவலாக வாசிப்பது 1814இல் வந்த பிரதி. வீட்டுக்காரர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் சோறும், தொண்டைக்குச் சலபாட் என்ற இஞ்சிக் கஷாயமும் கொடுப்பார்கள். இது பல வீடுகளில் நேர்ச்சை. பாட்டி நேர்ந்துகொண்டதைப் பேத்தி தொடர்வாள். யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் தவக்காலத்தில் பசாம் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

நான் முதல்முறை மனைவியின் வீட்டில் பபாசாவில் உட்கார்ந்தபோது கவனித்தது இது: ஐந்தாவது மட்டுமே படித்த ஒரு தோப்புக் கூலிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முந்தைய தகாலோகைத் தட்டாமல் வாசித்தார். பக்கத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் திணறினான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. பெரியவர் அவன் வரியில் விரலை வைத்துக் கூடவே வாசித்தார். வீட்டு வாசிப்பு என்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நான் பார்த்ததில்லை.

ஆனால் நாடு முழுக்க இப்படி வாசிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடத்தும் பீசா தேர்வில் 2018இல் வாசிப்பில் பிலிப்பைன்ஸ்தான் கடைசி. 2022இலும் பெரிய மாற்றமில்லை. 347 மதிப்பெண், வளர்ந்த நாடுகளின் சராசரி 476. நாலில் மூன்று பிள்ளைகள் அடிப்படை அளவைத் தொடவில்லை. இத்தனை தியாகம் செய்து படிக்கவைக்கும் நாட்டில் ஏன் இப்படி? வகுப்பில் நெரிசல், புத்தகப் பற்றாக்குறை எல்லாம் உண்டு. மொழிக் குழப்பமும் உண்டு. வாராய் என்ற வட்டார மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில், தகாலோகை வைத்து உருவான பிலிப்பினோவும் இங்கிலீஷும். 2013 சட்டம் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்கச் சொன்னது; 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது தவறு என்பது என் கருத்து. சொல்லிக்கொடுக்க ஆசிரியரையும் புத்தகத்தையும் தராமல் பத்து வருஷம் நடத்திவிட்டு, திட்டம் பலிக்கவில்லை என்றார்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, மாமியாரே சொல்வது. பலிக்பாயான் பெட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கப்பலில் ஊருக்கு அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி. சோப்பு, டவல், சாக்லேட், டின் கறி, ஷூ என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்புவார்கள். பெட்டியைப் பிரிக்கும் நாள் வீட்டுக்கே திருவிழா. அதில் புத்தகம் இருப்பது அபூர்வம். பீஸ் கட்டியாயிற்று, டியூஷன் வைத்தாயிற்று, டேப்லெட் வாங்கிக் கொடுத்தாயிற்று, இனி படிப்பு தானாக வரும் என்று நம்பிவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆள் இல்லாத குறையைப் பொருளால் நிரப்பப் பார்க்கிறார்கள். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. தூரத்திலிருந்து அனுப்ப முடிந்தது அதுதான்.

எங்கள் வீட்டிலும் இந்தத் தவறு நடந்தது. மகளை முதலில் சேர்த்த பள்ளியில், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இல்லாவிட்டால் பேச்சு தாமதமாகும் என்றார்கள். பயந்துபோய் ஒரு வருஷம் அப்படியே செய்தோம். குழந்தை இங்கிலீஷ் பேசியது. மாமியாரோடு போனில் பேசும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் போனைத் தள்ளிவிடும். என் அம்மாவிடமும் அதே கதை. இரண்டு பாட்டிகளையும் ஒரே வருஷத்தில் இழக்கப் பார்த்தோம். ஒரு நாள் ராத்திரி மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த அந்தப் பழைய படக்கதைப் புத்தகங்களை எடுத்தாள். மறுபிரதி மாமியாரிடம் இருந்தது. இப்போது கேசட் தேவையில்லையே. மணிலாவுக்கும் துபாய்க்கும் நாலு மணிநேர வித்தியாசம், இங்கே சாயங்காலம் ஐந்து என்றால் அங்கே ராத்திரி ஒன்பது. மாமியார் தூங்கப் போகுமுன் தினமும் ஒரு கதை. பக்கம் திருப்பும் இடத்தில் டம்ளரில் ஸ்பூன் சத்தம். முதல் வாரம் மகள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். மூன்றாவது மாதம் பாட்டியின் உச்சரிப்பிலேயே வாசித்தாள். என் அம்மாவும் விடவில்லை. துளிகா பதிப்பகத்தின் தமிழ்ப் படக்கதைகளை வாங்கி அதே முறையை ஆரம்பித்துவிட்டார். பள்ளி சொன்ன பேச்சுத் தாமதம் எதுவும் வரவில்லை.

இப்போது உங்கள் விஷயம். சம்பளமும் வேலை நேரமும் இடம் கொடுத்தால் மகனைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்டை மாற்றி மாற்றி எடுத்து, தூக்கத்தைக் கொஞ்சம் இழந்தாவது. நாங்கள் ஐந்து வருஷம் அப்படித்தான் ஓட்டினோம், ஒருவர் வரும்போது ஒருவர் கிளம்புவோம். விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் அம்மாவைத் தவிர இன்னும் இரண்டு பேரைப் பெயர் சொல்லிப் பொறுப்பில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். தோஹாவில் ஐந்தரை என்றால் ஊரில் எட்டு, அவன் தூங்கப்போகும் நேரம். "சாப்பிட்டாயா, படித்தாயா, பாட்டியைத் தொந்தரவு செய்யாதே" என்று மட்டும் பேசினால் ஒரு மாதத்தில் போனைக் கண்டாலே ஓடுவான். ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்குங்கள். காசு இல்லையென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்களோ அந்த வேண்டுதலை உங்கள் குரலில் அவன் தினமும் கேட்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு என்றால் பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ சேர்த்துவைக்காதீர்கள், அவன் முதல்முறை பள்ளிக்கூடம் போகும் ஜூன் மாதத்துக்கு வாருங்கள். மாமியார் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். தன் கடைக்குட்டியின் முதல் நாளுக்குத் தன்னால் போக முடியவில்லை என்றார்.

உங்கள் கேள்வியைப் படித்துக் காட்டி முடித்ததும் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். பையன் ராத்திரி எந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான், இப்போது அதை யார் சொல்கிறார்கள்? நீங்கள் அதை எழுதவில்லை. எழுதுங்கள், அவரிடம் சொல்கிறேன்.